மரகதக்காவின் முதல் புருஷன்

என் உயிருக்கு உயிரான மரகதக்கா,

நீ இருக்கிற இடத்தில் கரித்தூசி இல்லாமல் இருக்கட்டும். உனக்காக நான் சாமியிடம் கேட்பது இப்போதைக்கு அது ஒன்றுதான். நம் வீட்டில் காலையில் பெருக்கிய தரையில் மத்தியானம் நடந்தால் உள்ளங்கால் அட்டைக் கருப்பு. சுற்றிலும் மில்லுகளில் இரும்பு உருக்குகிறார்கள், நாம் பெருக்குகிறோம். உனக்குத் தெரியாததா?

நான் களைத்துப் போயிருக்கிறேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மணவாள நகரில் பஸ் ஏறி, பெரியபாளையத்தில் மாறி, புதுவாயல் ரோட்டில் இறங்கி நம் வீட்டு கேட்டைத் தள்ளுவதற்குள் முட்டி கழன்று விடுகிறது. எங்களோடு வந்து இருங்கள் என்று சின்னத்தையிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். “நானும் வந்துட்டா ஊட்ட யாருடி பாத்துக்கறது?” என்கிறார். பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? மேற்குச் சுவர் பெயர்ந்து செங்கல் தெரிகிறது. கிணற்றில் தண்ணீர் துரு நிறத்தில் கிடக்கிறது. சாயங்காலம் ஆனால் கூடத்தில் வௌவால் நம்மைவிட உரிமையாகப் பறக்கிறது. போன மார்கழியில் உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போன பிறகு உன் மாடி அறையை நான் திறக்கவே இல்லை.

ஒரு நல்ல சேதி. என் மகள், உன் செல்லம் நிவிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆவணியில் முகூர்த்தம். பையன் பேர் பிரவீன், அவள் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். இரண்டு பேரும் ஆசைப்பட்டுச் செய்துகொள்வது. என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன். அவர் போனில் இருந்து தலையை நிமிர்த்தாமல் “சரி, பண்ணிடலாம்” என்றார். இவ்வளவுதானா என்று எனக்கே கோபம் வந்தது.

ஆனால் “ஆசைப்பட்டு” என்ற சொல் நம் வீட்டில் லேசான சொல் இல்லையே. இதை வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்கு நம் வீட்டுக் கதை தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே ஒரு முறை சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நம் தாத்தா வாலிபத்தில், நாற்று நட வந்த ஒரு பெண்ணிடம் மனசைக் கொடுத்தார். கிணற்றடி வாழைகளுக்கு நடுவில் யாருக்கும் தெரியாமல் அவளுக்கு மஞ்சள் கயிறு கட்டினார். பிறகு நிலமும் நகையுமாக வந்த வேறொருத்திக்கு ஊரறியத் தாலி கட்டினார். அந்தக் கல்யாணப் பந்திக்கு அவளும் வந்தாளாம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, கொல்லையில் எச்சில் இலை போடுகிற இடத்தில் அவளுக்கு ஓர் இலை போட்டார்களாம். அவள் அந்த இலையைக் கிழித்து எறிந்துவிட்டு, “இந்த ஊட்டுல பொறக்குற பொண்ணு எவளும் ஆசப்பட்ட புருசனோட வாழ மாட்டா” என்று மண்ணை வாரித் தூற்றிக் கிணற்றில் விழுந்தாளாம். அவள் பேர் என்ன? நம் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. சாபம் தெரியும், பேர் தெரியாது.

தாத்தாவுக்குப் பிறந்த பெண்கள் இரண்டு பேர். பெரியத்தையின் புருஷன் காமாலையில் போனார். சின்னத்தையின் புருஷனைக் கல்யாணமான வருஷமே வயலில் பாம்பு கடித்தது. அதற்குப் பிறகுதான் ஒரு ஜோசியர் சொல்லி நம் வீட்டில் அந்தப் பரிகாரம் வந்தது. பெண்ணுக்கு முதலில் கிணற்றடி வாழையோடு கல்யாணம். மரத்துக்கு மாலை போட்டு, அதன் பேரால் பெண் கழுத்தில் தாலி கட்டுவார்கள். பிறகு அவளே அந்த மரத்தை வேரோடு சாய்த்துக் கிணற்றில் தள்ளிவிட்டு, தாலியை அறுத்துத் தலை முழுக வேண்டும். முதல் புருஷன் செத்தான், சாபம் அவனோடு போயிற்று. இன்னொரு நிபந்தனையும் உண்டு. பிறகு கட்டிக்கொள்கிறவனுக்கு இது தெரியவே கூடாது. தெரிந்தால் செய்ததெல்லாம் வீண்.

எனக்கும் செய்தார்கள். இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரரிடம் நான் வாய் திறந்ததில்லை. அந்த மனுஷனுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. ஆசைப்பட்ட புருஷனைத்தான் சாபம் தொடும் என்பதால், அவர் விஷயத்தில் எனக்கு முதலிலிருந்தே பயம் கிடையாது. சிரி அக்கா, நீ சிரித்துப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று.

உன் கதைக்கு வருகிறேன். நீ மில் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாய். அங்கே கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த சாமுவேலை உனக்குப் பிடித்துப் போயிற்று. காலனிப் பையன், அதுவும் சர்ச்சுக்குப் போகிற பையன். பெற்ற நைனா “என் பொணத்தத் தாண்டிப் போ” என்றார். ஒரு விடியற்காலையில் நீ போய்விட்டாய், நைனாவும் சாகவில்லை. புதுவாயலில் ஒரு வாடகை வீடு, ஒரு ஸ்டவ், ஒரு பாய். நான் ஒரே ஒரு தடவை ஒளிந்து ஒளிந்து வந்தேன். நீ எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாய், மாமா வாசலில் நின்று யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். நீ அன்றைக்குப் பேசியதில் பாதி சிரிப்பு.

ஒரு வருஷம் முழுசாக ஆகவில்லை. மில்லில் சங்கிலி அறுந்து, சூடு ஆறாத கம்பி மாமா காலில் விழுந்தது. இனி உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்கிற வரை நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். சொன்ன அன்றே பஸ் ஏறி நைனா வீட்டுக்கு வந்து, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். ஏன் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. மாமா கட்டைக் கம்பு ஊன்றிக்கொண்டு எத்தனையோ நாள் கேட்டில் வந்து நின்றார். நைனா நாயை அவிழ்த்துவிட்டார். நீ இறங்கி வரவே இல்லை.

பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அந்த அறைதான். மில்லில் சாயங்காலச் சங்கு ஊதினால் மட்டும் நீ ஜன்னலுக்கு வருவாய். அவிழ்ந்த முடியும், கரி படிந்த கம்பியைப் பிடித்த விரலுமாக. ஷிப்டு முடிந்து போகிற பிள்ளைகள் அந்த வீட்டில் பேய் இருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்களும்தான் நினைத்தோம். வேறு என்ன நினைப்பது? நைனா போன பிறகாவது கீழே வருவாய் என்று பார்த்தேன். அப்போதும் வரவில்லை.

இப்போது நிவி. கல்யாணம் என்றதும் அத்தை பிடித்த பிடியில் நின்றார். “வாழக் கண்ணாலம் பண்ணாம இந்த ஊட்டுப் பொண்ணு கழுத்துல தாலி ஏறக் கூடாது. ஏறுனா நா உசுரோட இருக்க மாட்டேன்.” நிவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வாழ மரத்துக்கு ஆதார் கார்டு இருக்கா ஆயா? பேங்க்ல ஜாயின்ட் அக்கவுன்ட் ஓபன் பண்ணணுமே” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தைக்கு மட்டும் வரவில்லை.

அடுத்த வாரம் பிரவீன் வண்டியில் போகும்போது, லாரி கொட்டிவிட்டுப் போன ஜல்லியில் சறுக்கி விழுந்தான். தோள் எலும்பில் விரிசல், ஒரு கட்டு, அவ்வளவுதான். அந்த ரோட்டில் வாரத்துக்கு நாலு பேர் விழுகிறார்கள். ஆனால் நிவியின் சிரிப்பு நின்றுபோனது. அவன் போன் செய்தால் எடுக்கவில்லை. அவன் அம்மா எனக்குப் போன் போட்டு, “இன்னாங்க, எங்க பையன் கை ஒடிஞ்சதுல பொண்ணு மனசு மாறிடுச்சா?” என்று கேட்டார். 

ஞாயிற்றுக்கிழமை அவளையும் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்: “மா, நா அவன வுட்டுட்டா அவன் நல்லா இருப்பான்ல?”

ஐயோ அக்கா! நான் பதில் சொல்வதற்குள் பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தைப் போட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். “இதேதான்டி... மரகதமும் இதேதான் சொல்லிட்டு மாடி ஏறுனா.”

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. நீ போன அந்த விடியற்காலையில் உன்னை அனுப்பி வைத்ததே அத்தைதானாம். “எனக்குக் கெடைக்காதது ஒனக்காவது கெடைக்கட்டும்” என்று, முந்தின நாளே நைனாவுக்குத் தெரியாமல் உனக்கு வாழைக் கல்யாணமும் செய்து வைத்திருக்கிறார். மரத்தை வேரோடு சாய்க்க நேரமில்லை. நைனா வயலில் இருந்து வருகிற நேரம். அவசரத்தில் அரிவாளை உன் கையில் கொடுத்து இடுப்பு உயரத்தில் வெட்ட வைத்துவிட்டார். மறுநாள் நீ பையோடு கிணற்றடி வழியாக இறங்கும்போது பார்த்தால், வெட்டின இடத்தில் நடுக்குருத்து நாலு விரல் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று எழும்பி நின்றதாம்.

வாழையை வெட்டினால் குருத்து எழும்பும். பொழுது சாய வெட்டினால் விடியும்போது எழும்பி நிற்கும். நெல்லோடும் வாழையோடும் பிறந்து வளர்ந்த நமக்கா இது தெரியாது? எத்தனை மரம் வெட்டியிருக்கிறோம். ஆனால் அந்த விடியலில் நீங்கள் இரண்டு பேரும் பார்த்தது வாழை இல்லை. “முதல் புருசன் சாவலடி, எந்திரிச்சி நிக்கிறான்” என்று அத்தைக்குத் தோன்றியது. அவர் வாயால் சொல்லவில்லையாம். உன் முகத்தைப் பார்த்தாராம், உனக்கும் அதே தோன்றியது தெரிந்ததாம். அப்படியும் ஆசை விடாமல் நீ போனாய். மாமா காலில் இரும்பு விழுந்ததும், இதோ வந்துவிட்டது என்று திரும்பி வந்துவிட்டாய். கட்டினவனுக்குத் தெரியக் கூடாது என்பதால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் கல்யாணத்தில் மட்டும் அத்தை ஏன் கடப்பாரை எடுத்து வந்து எனக்குக் கட்டின மரத்தின் வேரைக் குத்திக் குத்திப் பெயர்த்தார் என்று இப்போது புரிகிறது.

என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அன்று சாயங்காலமே நிவியைக் கூட்டிக்கொண்டு மாமாவைத் தேடிப் போனேன். புதுவாயல் ஜங்ஷன் தாண்டி ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறார். தலை முழுக்க நரை. காலை இழுத்து இழுத்து எழுந்து வந்து, “கல்யாணியா? வாம்மா. நாஷ்டா எதுனா சாப்ட்டியா?” என்று காலைப் பலகாரத்தைக் கேட்டார், சாயங்காலம் என்பதுகூட நினைவில்லாமல். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை அக்கா. நான் கேட்கவில்லை, மேஜையில் இருந்த ஒரே ஒரு தட்டைப் பார்த்தேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா, இலை, சாபம், வாழை, குருத்து. சொல்லக் கூடாததை எல்லாம் சொன்னேன். அவர் தன் நொண்டிக் காலைப் பார்த்தார்.

“இதுக்கா போனா? நொண்டியோட காலம் தள்ளப் புடிக்காம போய்ட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா. அப்புறம் அதுவும் சரியா வரல. புடிக்கலன்னா எதுக்கு டெய்லி ஜன்னல்ல வந்து நிக்கணும்? சங்கு ஊதுற நேரம் நா அந்த வழியா போவச்சொல்லோ பாத்துக்கினேதான் நிப்பா. ஒண்ணும் பிரியாது எனக்கு. அவ கண்ணுல படணுமேன்னு ஒரு செவப்புத் துண்ட தோள்ல போட்டுக்கினு போவேன். ரோட்டுலருந்து எனக்கு அவ மூஞ்சி தெரியாது, அவ்ளோ தூரத்துல அவளுக்கு என் மூஞ்சி எங்க தெரியப் போவுது, துண்டாவது தெரியட்டும்னு.”

நீ ஜன்னலுக்கு வந்தது அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க. அவர் அந்த வழியாகப் போனது நீ பார்க்க வேண்டும் என்று. இருபது வருஷம், ஒரு ரோட்டு அகலத்தில்.

பிறகு அவர் கேட்டார்: “கெணத்துல வுழுந்த பொம்பளன்னு சொன்னியே, அது பூங்காவனம் ஆயாதான?”

“யாரு மாமா?”

“ஒங்க தாத்தா ஏமாத்துனாரே, அவங்க. எங்க தெருக்காரங்க. அவங்க எங்க கெணத்துல வுழுந்தாங்க? பந்தியில மானம் போச்சின்னு அன்னிக்கே ரயிலேறி மெட்ராஸ் போய்ட்டாங்க. மில்லுல வேல பாத்து, கண்ணாலம் கட்டி, நாலு புள்ள பெத்து, நல்லாத்தான் வாழ்ந்தாங்க. சர்ச் திருவிழாவுக்கு வருசா வருசம் வருவாங்க. சின்னப் பையன்ல எனக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்துருக்காங்க. நல்ல செவப்பு, ஓயாம சிரிச்சிக்கினே இருப்பாங்க. அவங்க யாரயும் சபிச்சி நா கேட்டதில்ல. ஒங்க ஊட்ட நெனச்சிக்கினு ஒக்காந்திருக்க அவங்களுக்கு ஏதும்மா நேரம்?”

அக்கா, யாருமே விழாத கிணறு. யாருமே விடாத சாபம். நாம் ஒரு பெண்ணுக்குச் செய்த அநியாயத்துக்கு அவள் நிச்சயம் சபித்திருப்பாள் என்று நாமே முடிவு கட்டி, நாமே சொல்லிச் சொல்லி, நம் பெண்கள் தலையில் நாமே போட்டுக்கொண்டோம். அவளானால் நம்மை மறந்துவிட்டு மிட்டாய் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அவ இத ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருந்தா...” என்று மாமா ஆரம்பித்தார். நிவியின் பக்கம் திரும்பினார். “அந்தப் பையனுக்குப் போன் போடும்மா. பயமா இருந்தா, பயமா இருக்குன்னு அவன்கிட்டயே சொல்லு. சொல்லாம மட்டும் ஓடிடாத.” அவள் எழுந்து லாரி நிற்கிற பக்கம் போனாள். அரை மணி நேரம் பேசினாள். திரும்பி வரும்போது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. “திட்டுறான் மா” என்றாள், சந்தோஷமாக.

அத்தையிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. முழுக்கக் கேட்டார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன், நான் ஒரு மண்டு. அவர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. “சாபமே இல்லன்னா அந்த மனுசன் எதுக்குடி செத்தாரு?” என்றார்.

நானும் யோசித்தேன். “பாம்பு கடிச்சிடுச்சி அத்த” என்றேன். “வரப்புல பாம்பு இருந்திச்சி, பாக்காம மிதிச்சிட்டாரு. அவ்ளோதான்.”

அத்தை சுவரில் சாய்ந்துகொண்டார். “செருப்பு போட்டுக்கினு போன்னு சொன்னேன், கேக்கல” என்றார். பிறகு அழுதார். சாபத்துக்காக அழுதுதான் நான் பார்த்திருக்கிறேன். தன் புருஷனுக்காக, அந்த மனுஷனுக்காக மட்டும், அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அந்த மனுஷன் பேரைக்கூட அத்தை அன்றுதான் சொன்னார். சம்பந்தம் என்று பேராம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

நீ வெட்டின அந்த வாழை இருக்கிறதே, அது ஒரு புதராகிவிட்டது. கன்று விட்டுக் கன்று விட்டுக் கிணற்றைச் சுற்றி வளைத்துவிட்டது. இத்தனை வருஷமும் அதில் ஒரு காய் நாம் பறித்ததில்லை, ஓர் இலை நறுக்கியதில்லை. வௌவால்தான் தின்று கொழுத்தது. போன ஞாயிற்றுக்கிழமை சாமுவேல் மாமா நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கேட்டுக்கு உள்ளே அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. நான் சில்வர் தட்டு எடுத்து வைத்தேன். அத்தை என்னைத் தள்ளிவிட்டு, அரிவாளோடு கிணற்றடிக்குப் போய், அந்தப் புதரிலிருந்து ஒரு தலைவாழை இலையை அறுத்து வந்தார். கரி போகும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கூடத்தில், நைனா உட்காரும் இடத்தில் போட்டார். தன் கையாலேயே சோறு வைத்தார்.

மாமா சாப்பிடுவதை நானும் அத்தையும் நிவியும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. “இன்னா எல்லாரும் என் வாயையே பாத்துக்கினு இருக்கீங்க? பேஜாரா கீது” என்றார். ஒன்றும் ஆகவில்லை அக்கா. இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார்.

கை கழுவின பிறகு, “அந்த ரூம ஒருவாட்டி பாக்கலாமா?” என்றார். உன் அறைப் பூட்டை நான்தான் திறந்தேன். ஒவ்வொரு படியாக, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உன் கட்டில், உன் சீப்பு, எதையும் அவர் பார்க்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனார். கம்பியில் உன் விரல் பட்டுப் பட்டுக் கரி இல்லாமல் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். ரோட்டில் சைக்கிளில் ஒரு ஆள் போனான். அவன் மீசை தெரிந்தது. சட்டைப் பையில் இருந்த பேனா தெரிந்தது.

மாமா என் பக்கம் திரும்பினார். “இவ்ளோ கிட்டவா? மூஞ்சி தெரியாதுன்னு நெனச்சிக்கினு இத்தன வருசம் உர்ருன்னு போய்ட்டனே கல்யாணி. தெரிஞ்சிருந்தா சிரிச்சிக்கினு போயிருப்பனே.”

அவரை உன் கட்டிலில் உட்கார வைத்தேன்.

அக்கா, இது உன் மேல் சத்தியம். நிவி கழுத்தில் ஒரே ஒரு தாலிதான் ஏறும். அவள் கல்யாணப் பந்திக்கு அந்தப் புதரிலிருந்துதான் இலை வரும். முதல் இலை பூங்காவனம் ஆயாவுக்கு, கொல்லையில் இல்லை, கூடத்தில். இரண்டாவது இலை உனக்கு. பக்கத்திலேயே மாமாவை உட்கார வைப்பேன். அவரைச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். நீ பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி,
சாமுவேல் மாமாவின் மச்சினிச்சி,
கல்யாணி